மகரக்கட்டும் காஸ்த்ராத்தோவும்: ஒரு சொல்லாக்கச் சிக்கலின் வரலாறு

ஐரோப்பிய இசை வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோர் ஒரு சொல்லின் முன் நின்று தயங்க நேர்கிறது. பருவமெய்தும் முன்னரே விதைகள் நீக்கப்பெற்று, அதன் விளைவாக வளர்ந்த பின்னும் சிறுவர்க்குரிய மேற்குரல் மாறாமல் பாடிய ஆடவரை இத்தாலியர் காஸ்த்ராத்தோ என்றனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், இத்தகையோர் தேவாலயத்திலும் இசைநாடக மேடையிலும் பாடினர். இத்தாலிய இலக்கணப்படி இச்சொல் ஓர் இறந்தகாலச் செயப்பாட்டு எச்சம். பெயராய் நிற்கும்போது 'அவ்வாறு செய்யப்பெற்றவன்' என்று பொருள்படும். தமிழில் எளிதில் கைக்கு வரும் அலி, பேடி, திருநங்கை ஆகிய சொற்களோ ஒருவரது இயல்பைச் சுட்டுவன. ஒருவர்மீது பிறர் நிகழ்த்திய செயலைச் சுட்டுவன அல்ல. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் மறைந்தால் வரலாறும் உடன் மறையும். பொருந்தும் சொல்லைப் பால்சார் சொற்களிடையே தேடாமல் நம் நாடக மேடையின் வழக்கில் தேடவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இச்சிக்கல் இக்கட்டுரையாளருக்கு நூல்வழி வந்ததன்று. இல்லத்தின் வழி வந்தது. கட்டுரையாளரின் கணவர் சித்தூர் மாவட்டத்து விஜயபுரத்தைச் சேர்ந்தவர். நகரிக்கு அருகில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் அது. 1960ஆம் ஆண்டில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது ஆந்திரத்திலேயே தங்கிவிட்ட பகுதி. அவருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. பழைய இசைத்தட்டுகளில் நாட்டமுடைய அவர், அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி என்னும் பாடகரின் ஒலிப்பதிவை ஒருமுறை கேட்டார். அன்று தொட்டு இப்பாடகர்களின் வரலாற்றைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறார். எங்கள் வீட்டில் உணவு வேளைகளிலும் நேப்பிள்ஸ் நகரத்து இசைப்பள்ளிகளே பேச்சு. தாம் படித்தவற்றைத் திருப்பதியில் இசையன்பர் சிலர்முன் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்துரைக்க அவர் விரும்பினார். தெலுங்கில் முதலில் 'நபும்சக காயகுடு' என்று எழுதி அடித்தார். தெலுங்கு படித்தவருக்கு அத்தொடரின் முற்பாதி இலக்கண வகுப்பின் அஃறிணைப் பாலையே நினைவூட்டும். பின் 'பேடி' என்றெழுதி அதனையும் அடித்தார். தமிழ்ப் படியில் அவ்விடம் வெற்றிடமாகவே கட்டுரையாளரிடம் வந்து சேர்ந்தது.

வரலாற்றைச் சுருங்கக் காண்போம். சபைகளில் பெண்கள் பேசலாகாது என்னும் பவுலடியாரின் கூற்றைக் கத்தோலிக்கத் திருச்சபை பாட்டுக்கும் விரித்துப் பொருள் கொண்டது. (தமிழ் விவிலியத்தின் 'சபை'யும் நம் நாடகக் குழுக்களின் 'சபா'வும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள், இரண்டிலும் நெடுங்காலம் பெண்குரலுக்கு இடமில்லாதிருந்தது என்பது தற்செயல் ஒப்புமையே எனினும் கருதத்தக்கது.) பலகுரல் இசை வளர்ந்தபோது மேற்குரல் பகுதியைப் பாட ஆள் தேவைப்பட்டது. சிறுவர் சில ஆண்டுகளே பயன்படுவர். பொய்க்குரலில் பாடும் ஆடவரின் ஒலி வலிமை குன்றியது. 1589ஆம் ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் தூய பேதுரு பேராலயப் பாடகர் குழுவைத் திருத்தியமைத்து வெளியிட்ட ஆணையில் காஸ்த்ராத்தோக்களுக்கு இடம் வகுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் பெண்கள் மேடையேறுவதற்குத் தம் ஆட்சிப்பகுதியில் தடை விதித்தவரும் அவரே. 1599 அளவில் சிஸ்டைன் சிற்றாலயக் குழுவிலும் இவர்கள் இடம்பெற்றுவிட்டனர்.

இங்கு ஒரு முரண் உண்டு. இப்பாடகரை அமர்த்திக்கொண்ட அதே திருச்சபையின் சட்டம், இவ்வறுவையைச் செய்வோரையும் செய்விப்போரையும் சபைநீக்கத்துக்கு உள்ளாக்கியது. ஆகவே ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு கதை தேவைப்பட்டது: குதிரையிலிருந்து விழுந்தான், காட்டுப்பன்றி குத்தியது, நோயுற்றபோது மருத்துவர் வேறு வழியின்றி அறுத்தார். ஆங்கில இசை வரலாற்றறிஞர் சார்லஸ் பர்னி 1770ஆம் ஆண்டில் இத்தாலியில் பயணம் செய்தபோது இவ்வறுவை எந்நகரில் நடைபெறுகிறது என்று விசாரித்தார். மிலானில் வெனிஸைச் சொன்னார்கள். வெனிஸில் போலோஞ்ஞாவைச் சொன்னார்கள். போலோஞ்ஞாவில் மறுத்து ஃபுளோரன்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ரோமுக்கும், ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கும் கைகாட்டினார்கள். மொழியியலார் இதனைப் படிக்கும்போது ஒன்றை உணராமல் இருக்க இயலாது: காஸ்த்ராத்தோ என்னும் செயப்பாட்டு வடிவத்தில் செய்பவன் எவ்வாறு தொக்கு நிற்கிறானோ, அவ்வாறே பர்னியின் பயணத்திலும் அவன் தொக்கே நின்றான். செய்யப்பட்டவன் ஊரறிய மேடையில் நிற்கிறான். செய்தவன் எந்நகரிலும் இல்லை.

சிறுவர் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இவ்வறுவைக்கு ஆளாயினர். அவர்களுள் மிகப் பலர் வறிய குடும்பத்தினர். பருவமெய்துகையில் ஆண்பிள்ளையின் குரல்வளை பெருத்து, குரல்நாண்கள் நீண்டு, குரல் ஏறத்தாழ ஒரு தாயி அளவுக்குத் தாழ்கிறது. விதை நீங்கிய உடலில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. எலும்பு முனைகள் காலந்தாழ்ந்தே இறுகுவதால் கைகால்கள் நீள்கின்றன, மார்புக்கூடு அகல்கிறது. சிறுவனின் குரல்நாணும் வளர்ந்த ஆளின் நெஞ்சுக் காற்றும் ஓருடலில் சேர்ந்த அக்குரலுக்கு இயற்கையில் ஒப்பில்லை. இதனுடன் நேப்பிள்ஸ் நகரத்து நான்கு இசைப்பள்ளிகளில் பல ஆண்டுக் கடும்பயிற்சியும் சேர்ந்தது. பயின்றோருள் புகழெய்தியவர் மிகச் சிலர். மற்றவர் சிற்றூர்க் கோயில்களில் பாடிப் பிழைத்தனர். குரலே தேறாதவர்களும் இருந்தனர். வரலாற்று நூல்கள் புகழெய்தியோரையே பேசுகின்றன.

புகழெய்தியோருள் முதல்வர் ஃபாரினெல்லி எனப்பட்ட கார்லோ ப்ரோஸ்கி (1705–1782). 1737இல் அவர் ஸ்பெயினுக்குச் சென்று, உளச்சோர்வால் வருந்திய மன்னர் ஐந்தாம் பிலிப்பின் அவையில் பாடகராக அமர்ந்தார். 1994இல் அவரைப் பற்றிய திரைப்படம் எடுக்கப்பட்டபோது அக்குரலை ஒருவரால் பாட இயலவில்லை. ஓர் ஆடவரின் மேற்குரலையும் ஒரு பெண்ணின் குரலையும் பாரிஸிலுள்ள ஆய்வகம் ஒன்றில் கணிப்பொறி வழி இணைத்தே உருவாக்கினர்.

இனி நம் சிக்கலுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று. இசைநாடக மேடையில் காஸ்த்ராத்தோ ஏற்றது பெரும்பாலும் பெண்வேடமன்று. 1724இல் இலண்டனில் ஹாண்டலின் இசைநாடகத்தில் ஜூலியஸ் சீசராகத் தோன்றிய செனெஸினோ ஒரு காஸ்த்ராத்தோ. ரோமில் பெண் மேடையேறத் தடையிருந்தமையால் ஆங்குப் பெண்வேடமும் இவர்க்கு வந்தது. ஏனைய இடங்களில் பேரரசரும் படைத்தலைவரும் காதலருமாகவே இவர்கள் பாடினர். குழுவில் தலைமைப் பாத்திரம் ஏற்றவருக்கு 'ப்ரீமோ வோமோ', அதாவது 'முதல் ஆண்' என்றே பெயர். நம் மேடை வழக்கில் இதற்கு நேரான சொல் ராஜபார்ட். முதல் ஆண் என்று அழைக்கப்பட்டவரைத் தமிழில் அலி என்று பெயர்த்தால் அது பொருட்பிழை மட்டுமன்று, எதிர்ப்பொருள் தருவதுமாகும். இத்தாலியரே கூடக் காஸ்த்ராத்தோ என்பதை இழிவுக் குறிப்போடு ஆள்வது மிகுதி. மரியாதைக்கு 'மூசிக்கோ' என்றனர். இசைஞன் என்னும் பொதுச்சொல் ஒருவகைப் பாடகர்க்கு மட்டும் சிறப்புப் பெயராகச் சுருங்கியது, இடக்கரடக்கலின் வழி நிகழும் பொருட்குறுக்கத்துக்கு நல்ல சான்று.

தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக நோக்கின் மேலும் தெளிவு பிறக்கும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தோர் பெயர்க்கு எனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைப் பால்களின் ஈறுகளையே அவை பெறும் என்றும் விதிக்கிறார். பின்னொரு நூற்பாவில், அப்பெயர்கள் ஆண்பாற்சொல் கொண்டு முடிதற்கு இடமில்லை என்கிறார். நன்னூலாரோ விட்டதும் விரும்பியதும் நோக்கிப் பால் வகுக்கிறார். இவ்விலக்கணங்கள் அனைத்தும் திரிதலை அவ்வுயிர்க்கு உள்ளிருந்து நிகழ்வதாகக் கொள்கின்றன. வெளியிலிருந்து கத்தியோடு ஒருவன் வருவதை எந்நூற்பாவும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவேண்டிய தேவையும் அக்காலத் தமிழகத்தில் இருந்திராது.

பேடி என்பது இலக்கியத்தில் கூத்தோடு தொடர்புடைய சொல். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் காமன் ஆடிய பேடும் ஒன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் புகார் வீதியில் பேடிக்கூத்தைக் கூட்டம் நின்று காண்கிறது. விராடன் நகரில் இளவரசிக்கு ஆடலும் பாடலும் கற்பித்த விசயனும் பேடியே. சித்தூர் மாவட்டத்துத் தர்மராஜர் கோயில்களில் பாரதக்கூத்து ஆடும்போது அவ்வேடம் இன்றும் மேடையேறுகிறது. ஆயினும் விசயனின் பேடித்தன்மை ஊர்வசியின் சாபத்தால் வந்து ஓராண்டில் நீங்குவது; வேடம் கலைவது போன்றது. திருப்பதி கங்கம்மன் ஜாதரையில் ஆடவர் நேர்த்திக்கடனாகப் புடவை உடுத்துவதையும் அவ்வூரார் வேஷம் என்றே சொல்கின்றனர். உடலைக் குறிக்கும் எச்சொல்லையும் அதற்கு ஆள்வதில்லை. மக்கள் வழக்கு வேடத்தையும் உடலையும் மயங்காமல் பிரித்தறிகிறது. மயங்குவது நம் அகராதிகளே. மேலும் பேடி என்பதற்குக் கோழை என்னும் பொருளும் தமிழில் உண்டு. கன்னடத்து ஹேடி அப்பொருளையே முதன்மையாகக் கொண்டது. தெலுங்கில் பேடி ஆண்மையற்றவனைக் குறிக்கிறது. ஆகவே எல்லைப்புறத்து இருமொழியாளர் ஒருவர் காதில் இச்சொல் இரட்டை இழிவோடு விழும்.

அலி என்னும் சொல்லை அதனால் சுட்டப்படுவோரே விலக்கிவிட்டனர். 2008இல் தமிழக அரசு அமைத்த நலவாரியம் அரவாணி என்னும் சொல்லைத் தாங்கியிருந்தது. பின்னர் திருநங்கை நிலைபெற்றது. திருநங்கை அழகிய சொல். ஆனால் அது தம்மைத் தாமே உணர்ந்து பெயரிட்டுக்கொண்டோரின் சொல். எட்டு வயதில் எவரும் கேளாமல் அறுக்கப்பட்ட சிறுவனுக்கு அதனைச் சூட்டுவது இருவர்க்கும் இழைக்கும் அநீதி. ஒப்புதல் என்னும் கூறு இன்று சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது: 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஊடுபால் குழந்தைகளுக்கு அவர்தம் ஒப்புதலின்றிச் செய்யும் பால்மாற்று அறுவைகளைத் தடுக்குமாறு அரசைப் பணித்தது. சட்டம் பிரித்துக் காண்பதைச் சொல்லாக்கம் சேர்த்துக் குழப்புதல் ஆகாது.

விவிலிய மொழிபெயர்ப்பாளர் இவ்விடரை நம்மினும் முன்னரே எதிர்கொண்டனர். பழைய தமிழ் விவிலியத்தில் ஒரே கருத்துக்கு இடத்திற்கேற்ப வேறு வேறு சொற்கள் உள்ளன. மத்தேயுவில் 'அண்ணகர்', எஸ்தர் நூலின் அரண்மனையில் 'பிரதானி', அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய அரசியின் அலுவலர் 'மந்திரி', உபாகமத்தில் உடற்குறையைப் பேசுமிடத்து 'விதையடிக்கப்பட்டவன்'. இதனை முரண்பாடென்று குறைகூறுவோர் உண்டு. இக்கட்டுரையாளர் அவ்வாறு கருதவில்லை. பதவி முன்னிற்கும் இடத்தில் பதவிப் பெயரும், உடல் முன்னிற்கும் இடத்தில் உடல் பற்றிய பெயரும் வந்துள்ளன. இவற்றுள் இறுதியிலுள்ளது மட்டுமே இத்தாலியச் சொல்லின் செயப்பாட்டு அமைப்பைத் தக்கவைக்கிறது. ஆனால் விதையடித்தல், காயடித்தல், நலமடித்தல் ஆகியன காளைக்கும் கிடாய்க்கும் உரிய தொழிற்சொற்கள். உழவர் நிறைந்த அவையில் 'காயடிக்கப்பட்ட பாடகர்' என்றால் சிரிப்பெழும். வரலாற்றுச் செய்தி அச்சிரிப்பில் அமிழும்.

இனி நாடக மேடைக்கு வருவோம். 1910 தொடங்கிச் சில பத்தாண்டுகள் தமிழகமெங்கும் பாலர் நாடகக் குழுக்கள் இயங்கின. மக்கள் அவற்றைப் பாய்ஸ் கம்பெனி என்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவராய்ச் சேர்ந்தனர். டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இக்குழுக்களின் அன்றாட வாழ்வை உள்ளிருந்து காட்டும் நூல். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இத்தகைய குழுக்களில் வளர்ந்தோரே. அவர்களை ஆங்குச் செலுத்தியது கலையார்வம் மட்டுமன்று, வீட்டில் சோறில்லாமை. நேப்பிள்ஸின் பள்ளிகளுக்குச் சிறுவரை அனுப்பிய குடும்பங்களின் நிலையும் இதுவே.

இக்குழுக்களில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் சிறுவரே. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை பாட்டு எட்டவேண்டும். ஆகவே மேற்சுருதி இன்றியமையாதது. சிறுவனின் குரல் அதற்கு வாகானது. ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒருநாள் குரல் பிசிறும்; மேலே எழாது; கீழேயும் நிற்காது. அந்நிலைக்கு நாடக வழக்கில் மகரக்கட்டு என்று பெயர். நேற்றுவரை கைதட்டல் பெற்றவன் இன்று பாட்டில்லாத சிறுவேடத்துக்கு இறக்கப்படுவான், அல்லது குழுவை விட்டே நீங்குவான். ஐரோப்பாவில் சிறுவனை அறுத்துக் குரலைக் காத்தனர். இங்குக் குரல் போனதும் சிறுவனைக் கைவிட்டனர். முன்னதன் கொடுமைக்குப் பின்னது ஈடாகாது எனினும், சிறுவன் ஒரு தொண்டையாக மட்டும் மதிக்கப்பட்டமை இரண்டிற்கும் பொது. தமிழில் தொண்டை என்பதும், தெலுங்கில் கொந்து என்பதும் உறுப்பையும் குரலையும் ஒருங்கே குறிப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

மகரக்கட்டு என்னும் சொல்லின் அமைப்பும் ஆராயத்தக்கது. ஆங்கிலேயர் இந்நிகழ்ச்சியைக் குரல் உடைதல் என்பர். தமிழிலும் அவ்வழக்கு உண்டு. மகரக்கட்டில் நிலைமொழி எதுவாயினும் வருமொழி 'கட்டு' என்பது வெளிப்படை. தொண்டை கட்டிக்கொண்டது என்னும்போது வரும் அதே கட்டு. உடைந்தது மீளாது; கட்டியது அவிழும். நாடகச் சிறுவர்க்கு இச்சொல்லில் ஒரு நம்பிக்கை எஞ்சியிருந்தது எனலாம். கட்டவிழ்ந்தபின் நல்ல ஆண்குரல் வாய்த்தோரும் இருந்தனர். எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) பருவம் கடந்தபின்னும் பெண்களுக்கு நிகரான மேற்சுருதியிலேயே பாடியமை இசைத்தட்டுகளால் விளங்கும். ஒரு கட்டை, இரண்டு கட்டை என ஆடவர் பாடுவது இன்றைய வழக்கு. அன்றைய மேடையோ ஐந்து கட்டையை எதிர்பார்த்தது. அறுவையின்றியே அத்தகு குரல்கள் இங்கு உருவாயின என்பது அதன் பொருளன்று. வாய்த்த மிகச் சிலரைச் சுவைஞர் கொண்டாடினர், வாய்க்காதவரை மறந்தனர்.

இச்சுவை மாறியமைக்கு அறம் மட்டுமன்றி ஒலிவாங்கியும் காரணம். 1941இல் வெளிவந்த 'அசோக்குமார்' திரைப்படத்தில் குணாளனாக எம்.கே. தியாகராஜ பாகவதரும் அசோகனாகச் சித்தூர் வி. நாகையாவும் நடித்தனர். பாகவதர் சிறுவயதில் நாடகமேடையேறி மேற்சுருதியில் பெயர்பெற்றவர். நாகையா சித்தூர் ராமவிலாச சபையிலிருந்து வந்தவர். தாழ்ந்த, மென்மையான குரலினர். இருவகைக் குரலும் ஒரே படத்தில் ஒலிப்பதைக் கேட்போர்க்கு ஒரு காலம் முடிந்து மற்றொன்று தொடங்குவது புலப்படும். ஐரோப்பாவில் இம்மாற்றம் முன்னரே நிகழ்ந்தது. காஸ்த்ராத்தோவுக்கென எழுதப்பட்ட குறிப்பிடத்தக்க இசைநாடகப் பாத்திரங்களுள் இறுதியானது 1824இல் மயர்பேயர் வெலூத்திக்காக அமைத்தது. கோயிலில் மட்டும் அவர்கள் எஞ்சினர். 1903 நவம்பரில் திருத்தந்தை பத்தாம் பயஸ் மேற்குரல் பகுதிகளைச் சிறுவரே பாடவேண்டுமென ஆணையிட்டார்.

இவையனைத்தையும் கருதிக் கட்டுரையாளர் தம் கணவரின் படியில் இருந்த வெற்றிடத்தில் எழுதியது இது: 'மகரக்கட்டு நேராதவாறு சிறுவயதிலேயே விதை நீக்கப்பெற்ற பாடகர்'. முதல் ஆட்சியில் இம்முழுத்தொடரும், அதன்பின் காஸ்த்ராத்தோ என்னும் கடன்சொல்லும் வரலாம். தொடரில் செயப்பாட்டு வினை உள்ளது, நோக்கம் உள்ளது, தொழில் உள்ளது. விதை நீக்கம் ஏன் என்று தனியே விளக்கவேண்டிய தேவையை மகரக்கட்டு என்னும் ஒரு சொல் போக்கிவிடுகிறது. திருப்பதியில் கேட்டோருள் முதியவர் பலர்க்கு அச்சொல் தெரிந்திருந்தது.

பன்மையில் எதிர்பாராத இடர் ஒன்று தோன்றியது. இத்தாலியப் பன்மை காஸ்த்ராத்தி. கணவர் அதனையே வாசித்தார். தமிழ்ச் செவிக்கு -த்தி என்பது ஒருத்தி, குறத்தி என்பவற்றிற்போலப் பெண்பால் விகுதி. அவையில் ஒருவர், அவர்கள் பெண்களா என்று கேட்டேவிட்டார். ஆகவே காஸ்த்ராத்தோக்கள் என்று தமிழ்ப் பன்மையே கொள்க. வினைமுற்றில் ஆண்பாலா பலர்பாலா எனின், மரியாதைப் பன்மையாகிய 'பாடினார்' இருபாற்கும் பொதுவாதலின் அதுவே தக்கது. ஒருமையில் சுட்டவேண்டின் 'அவன்' என்பதே பொருந்தும். தம் காலத்தில் முதல் ஆண் எனப் பெயர்பெற்றவர்க்குத் தொல்காப்பியரின் பேடி விதி செல்லாது.

மொரெஸ்கியின் குரலைக் கிராமஃபோன் குழுமத்தார் முதலில் 1902ஆம் ஆண்டில் ரோமில் பதிவு செய்தனர். தனித்துப் பாடிய காஸ்த்ராத்தோக்களுள் இசைத்தட்டில் எஞ்சியிருப்பது அவர் குரல் ஒன்றே. தட்டின் முகப்பில் அவர் பெயருக்குப் பின் 'சிஸ்டைன் சிற்றாலயத்து ஸோப்ரானோ' என்று மட்டும் உள்ளது. ஸோப்ரானோ இத்தாலியத்தில் இலக்கண ஆண்பால், குரலின் பெயர், உடலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அப்பதிவை நிகழ்த்திய ஃபிரெட் கைஸ்பெர்க் அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வது அத்தட்டுகளில் கேட்கிறது.